மேசையில் வெட்டிய மயில்

வீட்டில் இயந்திரம் செய்யக் கிளம்பும் ஆண்களுக்கு அறிவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆடாத ஓர் இடம் வேண்டும். எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று: என் மனைவி விமலாவின் சாப்பாட்டு மேசை. அசல் தேக்கு. அவள் அம்மா கொடுத்த சீர். (அந்த வீட்டு மரியாதையில் மேசைக்கு அடுத்த இடம்தான் மாப்பிள்ளைக்கு.)

அதன்மேல்தான் நான் சி.என்.சி. ரவுட்டர் கட்டினேன். கணினியில் படம் வரைந்து கொடுத்தால், சுழலும் வெட்டுமுனையால் அதை மரத்தில் செதுக்கும் இயந்திரம். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இதன் பெரியண்ணன்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. அதனால் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன். பழைய பிரிண்டர் மோட்டார்களையும் இழுப்பறைத் தண்டவாளங்களையும் சேர்த்துக் கட்டியதில் அது எப்படியோ நகரவும் செய்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். விமலாவின் தம்பி குமரன் தன் கல்யாண மேடைக்குப் பெயர்ப்பலகை செய்யக் கடைக்குக் கிளம்பியபோது நான் குறுக்கே விழுந்தேன்.

“கடை எதுக்கு லா? மயிலோட சேர்த்து நானே செதுக்கித் தரேன்.”

“நிச்சயமா மாமா? ஷாந்தினி வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லிருவேன்.”

“தாராளமா சொல்லு.”

விமலா ஒரே நிபந்தனைதான் போட்டாள். “போர்டு வருதோ இல்லையோ, என் மேசையில ஒரு கீறல் விழக்கூடாது.”

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பலகையை வாங்கிப் போக நிபோங் திபாலிலிருந்து குமரனும் மாமியாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். புது இயந்திரத்தைப் பொட்டில்லாமல் ஓட்டலாமா? ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் செய்வதுபோலச் சந்தனம் குழைத்தேன். அங்கே இயந்திரங்களுக்கு மூடி உண்டு, பொட்டு மூடியோடு நின்றுவிடும். என்னுடையது திறந்த மேனி. அதன் உச்சியில் நெற்றி மாதிரி ஒரு சின்ன விசை இருந்தது. அங்கேயே அப்பினேன்.

அந்த விசைக்கு ஒரு வேலை உண்டு. வெட்டுமுனை மேலே ஏறி அதை அமுக்கினால்தான் உச்சிக்கு வந்துவிட்டோம் என்று இயந்திரத்துக்குத் தெரியும். அங்கிருந்து அளந்து கீழே இறங்கும். சந்தனம் காய்ந்து விசை அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டது. பாதி வழியில் தொங்கிய வெட்டுமுனையை உச்சியில் இருப்பதாக நம்பி, என் செல்ல இயந்திரம் அங்கிருந்து அளந்து இறங்கியது.

மேசைமேல் வைத்த பிளைவுட் பலகையில் மயில் தோகை விரித்தது. பெயர்கள் வரிசையாக வந்தன. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். விமலா மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

“என்னங்க, பிளைவுட்டுக்குத் தேக்கு வாசம் வருமா?”

இயந்திரத்தை நிறுத்திப் பலகையைத் தூக்கினேன். எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் ஓட்டை. சுழிகளுக்குள் இருந்த துண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கீழே தேக்கில், ‘குமரன் – ஷாந்தினி’ மயிலோடு பளிச்சென்று பதிந்திருந்தது.

“போர்டு ரோசாக் ஆயிருச்சா மாமா, கெட்டுப்போச்சா?” என்று குமரன் மெதுவாகக் கேட்டான்.

அவன் குரலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. விமலாவைப் பார்க்கத் தைரியமில்லாமல், பலகையை உயரத் தூக்கி அதன் கீழ் ஓரத்தில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“மாமா, அசையாதீங்க,” என்றான் குமரன். எனக்குப் பின்னால் ஜன்னல். வெயில் ஓட்டைகள் வழியே பாய்ந்து, எதிர்ச் சுவரில் மயில் ஒளியாய் நின்றது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஜெயம்தான். பின்பக்கம் சிவப்புக் காகிதம் ஒட்டி, உதிர்ந்த துண்டுகளை அதில் பதித்து, விளக்கு வைத்தோம். கல்யாண மண்டபத்தில் விளக்குகளைக் குறைத்ததும் பெயர்கள் தகதகவென்று எரிந்தன. மணமக்களைவிடப் பலகையோடு படம் பிடிக்கத்தான் கூட்டம். ஷாந்தினியின் சித்தப்பா, எந்தக் கடையில் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் விமலா முந்திக்கொண்டாள்.

“கடை இல்ல சித்தப்பா. எங்க வீட்டுக்காரர் செஞ்சது.”

அதைச் சாப்பாட்டுப் பந்திவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

மேசையை இழைத்துச் சமன்செய்து தருகிறேன் என்று பலமுறை சொல்லிவிட்டேன். விமலா விடவில்லை. ரசம் சிந்தினால் தோகை வழியாக ஓடுகிறது. குமரனுக்கும் ஷாந்தினிக்கும் சண்டை வந்தால் மாமியார் பஞ்சாயத்தே வைப்பதில்லை. “மேசையில வெட்டியாச்சு லா. போய்ச் சாப்பிடுங்க,” என்று முடித்துவிடுகிறார்.

போன மாதம் எனக்கும் விமலாவுக்கும் சின்னத் தகராறு. “நம்ம பேரைத்தான் எங்கயும் வெட்டலையே,” என்று முறுக்கிக்கொண்டேன்.

அவள் தட்டுகளை ஓரமாக நகர்த்தினாள். “இந்தப் பக்கம் இடம் இருக்கு. மெஷின எடுத்துட்டு வாங்க.”