கோமலின் மாமனார்

“மாசக் கட்டணமே கெடையாதா?”

“கெடையவே கெடையாதுங்க. ஒரு தடவை டிஷ்ஷை வாங்கி மாட்டிட்டா ஆயுசுக்கும் ஓசிதான்.”

“யாரு ஆயுசுக்கு?”

“உங்க ஆயுசுக்குத்தாங்க. டிஷ்ஷு அதுக்கு மேலயும் ஓடும்.”

கொடைக்கானல் கடைக்காரன் அன்று சொன்னதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தார் மயில்சாமி. எல்லாவற்றையும் சொன்ன பாவி, பெட்டிக்குள்ளிருந்து என்ன பாஷை வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கேபிள்காரனோடு சண்டை போட்டு, அவனுடைய வயரைத் தன் கையாலேயே அறுத்தெறிந்திருந்தார். பூம்பாறை ஊரே வேடிக்கை பார்த்தது. இனி அவனிடம் போய் நிற்க முடியாது. டிஷ்ஷுக்குத் தென்கிழக்கு வானம் தெரிய வேண்டுமாம். காய்த்துக் கிடந்த பேரிக்காய் மரத்தில் பாதியை வெட்டிச் சாய்த்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. படத்தில் வந்தவர்கள் எல்லோரும் இந்தி பேசினார்கள். தமிழ் என்று தேடினால் ஒன்றிரண்டு சேனல்தான். அவர் மனைவி அழகம்மாள் பார்க்கும் தொடர் ஒன்றுகூட அதில் இல்லை.

“மரமும் போச்சு, என் சீரியலும் போச்சு. ஓசின்னா இந்த மனுசன் ஒத்தைச் செருப்பைக்கூட வாங்கி மாட்டிக்கிடுவாரு!”

இரண்டு நாள் மயில்சாமியின் தட்டுக்குச் சோறு ஆறித்தான் வந்தது. மூன்றாம் நாள் மருமகள் தாரணி வாயைத் திறந்தாள்.

“அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடி கொடைக்கானல் ஏழு ரோட்டுல சாக்லேட் கடையில வேலைக்கு நின்னேன்ல, டூரிஸ்டுககிட்டப் பேசிப் பேசி எனக்கு இந்தி வரும். நான் வேணா கதையைச் சொல்லட்டுமா?”

மயில்சாமிக்குப் போன மானம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. “சொல்லுத்தா, சொல்லு!” என்றார்.

ஏழு மணித் தொடரில் கோமல் என்று ஒரு பெண். பெரிய மீசை வைத்த ஒருவர் அடிக்கடி வருவார். அவர் இரண்டு வார்த்தை பேசினால் கோமல் அழுவாள். தாரணி பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்.

“அவருதான் மாமனாரு. கோமல் அவ அம்மா வீட்டுக்குப் போகவே கூடாதுங்கிறாரு.”

“ஏன்? அந்தப் புள்ளை என்ன குத்தம் பண்ணுச்சு?”

“அவ ஒண்ணும் பண்ணலை மாமா. அவ அண்ணன் வீட்டு விசேசத்துல இவருக்குத் தலைப்பா கட்டி மரியாதை பண்ண மறந்துட்டாங்களாம்.”

“ஒரு முழத் துணிக்கா?” மயில்சாமி எழுந்தே நின்றுவிட்டார். “அதுக்குப் பெத்தவளைப் பாக்க விடாம அடைச்சு வைப்பானா? இவனெல்லாம் மனுசனா?”

அழகம்மாள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் பூண்டைப் பார்த்தாள்.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. மயில்சாமி களை எடுக்கும்போதும் மீசைக்காரரைத் திட்டினார். குளிக்கும்போதும் திட்டினார். அப்பா குரல் உயர்ந்தாலே நடுங்கும் மகன் சிவமுருகன், ஏழு மணிக்கு முன்னாலேயே பூண்டு லோடு ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குக் கிளம்பிவிடுவான். கோமலின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தாரணி சொன்ன அன்று, மயில்சாமி விட்டெறிந்த முழுப்பூண்டு திரையில் மீசைக்காரரின் நெற்றியிலேயே போய் அடித்தது.

அழகம்மாள் ஓடிவந்து டிவியைத் தடவிப் பார்த்தாள். “உடைஞ்சிருந்தா? உங்களுக்கு அந்தக் கேபிள்காரனே தேவலை!”

“பின்ன என்னடி, பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? ஏத்தா தாரணி, அந்தப் புள்ளைதான் என்னன்னு கேட்டா என்னவாம்?”

“பயமா இருக்காம் மாமா.”

“என்ன பயம்? கடிச்சா தின்னுருவான்?”

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. மீசைக்காரரைக் கண்டித்து அந்த டிவிக்காரர்களுக்கே இந்தியில் ஒரு கடிதம் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருந்த அலாவுதீன், வடநாட்டுக்காரர்களிடம் பேரம் பேசிப் பேசியே இந்தியைக் கரைத்துக் குடித்தவர். பூண்டு எடுக்க வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து டிவி முன்னால் உட்கார வைத்தார் மயில்சாமி.

“எழுதுங்க பாய். ‘நீயெல்லாம் மனுசனாடா’ன்னு ஆரம்பிங்க.”

“இருங்கண்ணே. ஆளு யாரு, சங்கதி என்னன்னு தெரியாம எப்படி வையிறது? மொதல்ல அவரு பேசறதைக் கேக்குறேன்.”

மணி ஏழு ஆயிற்று. மீசைக்காரர் வந்தார். கோமல் அழுதாள். டீ எடுத்து வந்த தாரணி, அலாவுதீன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னைக்கு என்ன அக்கிரமம் பண்றான், சொல்லுங்க!”

அலாவுதீன் தாடியைச் சொறிந்தார். “அண்ணே, இவரு வக்கீலுல்ல?”

“வக்கீலா?”

“ஆமாண்ணே. ஏதோ வீட்டுக் கேஸு. இன்னொரு வாய்தா போட்டுட்டாங்கன்னு சொல்றாரு. அதான் அந்தப் பொண்ணு அழுகுது.”

“அப்ப மாமனாரு எங்க?”

“அந்தா, செவத்துல மாலை போட்டுத் தொங்குறாரு பாருங்க.”

மயில்சாமி சுவரைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

“அப்ப ரெண்டு மாசமா அம்மா வீட்டுக்குப் போக முடியாம அழுதது யாரு?”

தாரணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நாந்தான் மாமா. எங்கண்ணன் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில உங்க பேரை விட்டுட்டாங்க, தப்புத்தான். அதுக்காக ரெண்டு வருசமா என்னை எங்க ஊரு பேத்துப்பாறைப் பக்கமே நீங்க விடலை. எங்கம்மாவுக்கு நெசமாவே மேலுக்கு முடியலை மாமா. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”