இமானுவேலின் உலைக்கு வந்த கரண்ட்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் வின்சி சொன்னாள். கதையில் வரும் மரிய அனிதா அவளுடைய அக்கா. தராசு அக்கா பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அனிதாவின் கணவர் இமானுவேல் காரைக்குடியில் கணக்கு வாத்தியார். கத்தி செய்வதில் பித்து. போன வருடம் அந்தோணியார் கோயில் அசன விருந்துச் சமையலுக்குத் தன் கையால் செய்த வெட்டுக்கத்தியைப் பெருமையாகக் கொடுத்தார். அது பூசணிக்காயில் இறங்காமல் வளைந்து, வெட்டியவரையே திரும்பிப் பார்த்தது. பந்தி முழுக்கச் சிரித்தது. இரும்பைச் செக்கச்செவேலென்று சுட்டு எண்ணெயில் முக்கினால்தான் கெட்டிப்படும் என்று அப்புறம்தான் படித்தார்.

அடுத்த அசனத்துக்குள் மானத்தை மீட்டாக வேண்டும். ஒரு மின்சார உலையை வாங்கிக் கார் ஷெட்டில் வைத்தார். கார் வெயிலுக்குப் போனது. ஷெட்டிலிருந்த பழைய பிளக்கில் உலையைச் சொருகினார். வீடே அணைந்தது. அடுக்களையில் கிரைண்டர் பாதி மாவோடு நின்றது.

"ஏங்க! இனிமே அந்தச் சனியனை இந்த வீட்டு கரண்ட்ல சொருகினீக, கிரைண்டர் கல்லைத் தூக்கி அது மேல போட்டுருவேன்!"

உலைக்கு மீட்டரிலிருந்தே தடித்த வயரில் தனி லைன் வேண்டும். அனிதாவிடம் எப்படிக் கேட்பது? பரீட்சை ஹாலில் நடந்து நடந்து யோசித்தார். விடை கிடைத்தது.

"அனிதா, கிறிஸ்துமஸ் கேக் சுட ஓவன் கேட்டேல்ல?"

"கல்யாணம் ஆனதுலேருந்து கேக்குறேன்."

"வாங்கிருவோம். ஆனா அதுக்குத் தனி லைன் வேணும். இப்பவே ஷெட்டு வரைக்கும் இழுத்து வச்சுருவோம்."

"எனக்காகவா?"

"பின்ன? உனக்குத்தான்."

"சரிங்க."

இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்தபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை எலெக்ட்ரீஷியன் அன்வர் சாதிக் வந்தார்.

"நீங்க பக்கத்துல நின்னா தம்பிக்குக் கை ஓடாது," என்றாள் அனிதா. "அரியக்குடியில சூசைமரியான் மாமா காலை ஒடிச்சுக் கிடக்காரு. ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க."

சந்தோஷமாகப் போனார். திரும்பி வந்தபோது ஷெட்டில் புது வயர், புது பிளக். ஆசையாக உலையைப் போட்டார். உயிர் வரவில்லை.

"தம்பி, கரண்ட் வரலியே?"

அன்வர் சாதிக் ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அக்காட்டக் கேளுங்கண்ணே."

அடுக்களை மேடையில் புத்தம் புது ஓவன். உள்ளே கேக் உப்பிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் பெரிய கைப்பிடி வைத்த சுவிட்ச்.

"இங்குட்டுத் தள்ளினா ஓவன், அங்குட்டுத் தள்ளினா ஷெட்டு," என்றாள் அனிதா. "ரெண்டும் ஒண்ணா ஓடுனா லைன் தாங்காதாம்."

"சுவிட்ச்ச ஷெட்டுல வச்சிருக்கலாம்ல?"

"எனக்காக இழுத்த லைனு. நீங்கதான சொன்னீக?"

"அசனம் கிட்ட வந்துருச்சு, அனிதா," என்றார், குரல் இறங்கி.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்ப எனக்குந்தான் வயிறு எரிஞ்சுச்சு. கரண்ட் தர்றேன். ஆனா உலை ஓடுற நேரம் அடுக்களை உங்க பொறுப்பு."

"அப்ப உலையை யாரு பாக்குறது?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

அசனத்தன்று புதுக் கத்தி ஒரே வெட்டில் பூசணியைப் பிளந்ததாம். யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் இமானுவேல், "எங்க வீட்டுக் கத்தி," என்றாராம். 'நான் செஞ்சது' என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வின்சிக்கே அது புரியவில்லை.

எனக்கு எதையும் சரிபார்க்காமல் எழுத வராது. ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவிட்சின் கைப்பிடி ஷெட் பக்கம்தான் இருந்தது. ஷெட்டில், சிவந்த கத்தியை இடுக்கியில் பிடித்து எண்ணெயில் முக்கிக்கொண்டிருந்தது அனிதா அக்கா. சார் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.