கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு

மடியூர் நாட்டில் அரசர்தான் எல்லாருக்கும் சட்டப்படி தகப்பன். பெற்றவர்கள் வெறும் பராமரிப்பாளர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகப்பனைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலும் உண்டு.

அங்கே பொதுக்கிணற்றை ஒட்டிக் குடியிருந்தாள் செண்பகவல்லி. கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது. அவளுடைய ஐந்து வயது மகள் மாதுளைக்கோ எட்டிப் பார்க்கும் பித்து. ஒருநாள் கால் வழுக்கிவிட்டது. பாவாடை நுனி தாய் கையில் சிக்கியதால் பிழைத்தாள். செண்பகவல்லி அரண்மனைக்கு ஓடினாள்.

"ஒரு சுவர் கட்டிக் குடுங்கய்யா."

"அம்மணி, சுவர் என்பது தடை. தடை பிஞ்சு உள்ளத்தை வாட்டும்" என்றார் அன்புத்துறை அமைச்சர். குழந்தைகளிடம் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லக் கூடாதென அன்றே சட்டம் வந்தது. மாதுளை கிணற்றோரம் நொண்டியடித்தாள். தாய் "ராசாத்தி, கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அரசருக்கு அன்பு அலுத்தது. கண்டிப்புத்துறை அமைச்சர் பொறுப்பேற்றார்.

"சுவரா? வீட்டுக்கொரு பிரம்பு இலவசமாகத் தருகிறோமே! பிள்ளையைக் கொஞ்சினால் மட்டும் சிறை."

பிரம்புக்குப் பயந்த மாதுளை ஒளிய ஓடிய இடம் அதே கிணற்றடி. "நாசமாப் போக உங்க சட்டம்!" என்று செண்பகவல்லி வாய்விட்டு அழுதாள்.

தேர்தல் வந்தது. அரசரும் கிணற்றடிக்கு வந்து மாதுளையைத் தூக்கிக் கொஞ்சினார். அவருக்கு மட்டும் விலக்கு. படம் வரைபவர், "இன்னும் சற்றுப் பின்னால், மகாராசா" என்றார். செண்பகவல்லி பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அரசர் தொபுக்கடீரென்று உள்ளே விழுந்தார். நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர்.

"அன்பாகப் பேசினால் அவரே ஏறி வருவார்" என்றார் ஓர் அமைச்சர். "அலறலை நிறுத்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார் மற்றவர். அங்கேயே விவாதம் தொடங்கியது.

செண்பகவல்லி கயிற்றை இறக்கினாள். "சமத்துல்ல? சுவர் கட்டுறேன்னு சொல்லுங்க."

"கட்டுகிறேன்!"

கயிறு ஒரு முழம் ஏறி நின்றது.

"இன்னும் சத்தமா, கண்ணு."

"கட்டுகிறேன், தாயே!"

மேலே வந்து சேர்வதற்குள் பத்து முறை சொல்லிவிட்டார்.

மறுநாளே சுவர் எழும்பியது, அரண்மனையைச் சுற்றி.

அடுத்த வாரம் அரசர் மீண்டும் வாக்குக் கேட்டு வந்தார். செண்பகவல்லி மாதுளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"வாங்கப்பா" என்றாள் வாயெல்லாம் பல்லாக. "கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க, படம் நல்லா வரட்டும்."