பொதுமக்கள் நலன் கருதி

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தைத் துணி காயப்போடும் கொடிக்கயிறு வரைக்கும் அமல்படுத்திய ஒரே மனிதர் எங்கள் பாலிட்டி சார்தான். நாடாளுமன்றம்கூட அவ்வளவு தூரம் போனதில்லை.

தென்காசி தனி மாவட்டமான புதிதில் எனக்கு அங்கே மாற்றல் வந்தது. நாலு வீடுகளும் ஒரே ஒரு தண்ணீர் மோட்டாரும் உள்ள காம்பவுண்டு ஒன்றில் குடியேறினேன். பக்கத்து வீட்டில் பாலிட்டி சார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், அரசுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுத்தார். பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் பாலிட்டி என்பார்கள். அது அவருக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார்.

குடிபோன மறுநாளே என்னை உட்கார வைத்து, காம்பவுண்டின் அதிகாரப் பகிர்வை விளக்கினார். மோட்டார் மத்தியப் பட்டியலாம். அவரவர் அடுப்படி மாநிலப் பட்டியல். கொடிக்கயிறு பொதுப் பட்டியல்.

“பொதுப் பட்டியல்னா நீங்களும் துணி போடலாம், நானும் போடலாம் சார். தகராறு வந்துச்சுன்னா மத்திய அரசு போட்டதுதான் செல்லும்.”

“மத்திய அரசு யாரு சார்?”

“நான்தான்,” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அடுப்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால், தான் குடித்த காபி தம்ளரைக் கழுவுவது மாநில உரிமையில் தலையிடுவதாகும் என்பது அவர் வாதம். அவர் மனைவி செண்பகம் அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

“சோறும் மாநிலப் பட்டியல்தான? மத்திய அரசு இன்னைக்குப் பட்டினி கிடக்கட்டும்.”

அன்று மத்தியானம் மத்திய அரசு எங்கள் வீட்டில் சாப்பிட்டது. ரசம் மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டது.

சீசனுக்கு அவரோடு குற்றாலம் போனதுதான் நான் செய்த பெரிய மடத்தனம். தலையிலும் உடம்பிலும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு மெயின் அருவிக்கு வரிசையில் நின்றோம். யாரோ ஒரு பெரிய மனிதர் பரிவாரத்தோடு எங்களைத் தாண்டி நேரே அருவிக்குள் போனார். பாலிட்டி சார் விடுவாரா? அங்கே நின்ற போலீஸ்காரரை நோக்கிப் பாய்ந்தார்.

“பதினாலாவது பிரிவு என்ன சொல்லுது? சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம். அருவிக்கு முன்னால மட்டும் சமமில்லையோ? பதில் சொல்லுங்க!”

பதில் பின்னாலிருந்து வந்தது. “சார், நான் இங்கன நிக்கேன். கண்ணுல வழியுத எண்ணெயத் தொடைங்க. நீங்க பேசிக்கிட்டு இருக்கது கம்பிகிட்ட.”

குளித்துவிட்டு வந்தால், அவர் சட்டையைக் குரங்கு ஒன்று தூக்கிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருந்தது. நான் கல்லை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சார்! கல்லக் கீழ போடுங்க. யாரா இருந்தாலும் விளக்கம் கேக்காம தண்டனை கொடுக்கக் கூடாது.”

கேட்டார். குரங்கிடம் விளக்கம் கேட்டார். அது சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கடித்து எங்கள் மேல் துப்பியது. அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு, வெறும் துண்டைப் போர்த்தியபடி தென்காசி பஸ்ஸில் ஏறினார். நான் தெரியாதவன்போல் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், கோமதி. அப்பாவிடமே படித்து மத்திய அரசுத் தேர்வில் தேறினாள். காம்பவுண்டு முழுக்க லட்டு கொடுத்தார். பிறகு பணி நியமன ஆணை வந்தது. ஊர் ஷில்லாங், நாட்டின் வடகிழக்கு மூலையில். ஒரு வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். இந்தியாவில் யாரும் எங்கேயும் போகலாம், எந்த ஊரிலும் தங்கலாம் என்று பத்தொன்பதாம் பிரிவை வருஷக்கணக்காகத் தொண்டை கிழிய நடத்தியவர் அவர். அது தன் வீட்டிலேயே பெட்டி கட்டும் என்று எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் நின்று அறிவித்தார்.

“இந்த வீட்டுல நெருக்கடி நிலை அமலுக்கு வந்தாச்சு. பத்தொன்பதாம் பிரிவு நிறுத்திவைப்பு.”

கோமதி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “அதுக்கு யுத்தம் வரணும்லாப்பா? இல்லன்னா வெளிநாட்டுக்காரன் படையெடுக்கணும்.”

“பெத்த பிள்ளைய ஷில்லாங்குக்கு இழுத்துட்டுப் போறான். இது படையெடுப்பு இல்லாம என்னட்டி?”

“சரி, அப்படியே வச்சுக்கிடுவோம். அமைச்சரவை எழுத்துல கொடுக்கணும்னு நீங்கதான சொல்லித் தந்திய?”

எல்லோரும் அமைச்சரவையைப் பார்த்தோம். செண்பகம் அக்கா கை நிறைய மாவோடு நின்றுகொண்டிருந்தார்.

“நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். பிள்ளைக்கு முறுக்கு சுடணும். எண்ணெ காயுது.”

நெருக்கடி நிலை அதோடு முடிந்தது. பாலிட்டி சார் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“பத்தொன்பதுலயே அஞ்சாவது உட்பிரிவு இருக்கு. பொதுமக்கள் நலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். விதிச்சாச்சு. நீ போகக் கூடாது.”

“எந்தப் பொதுமக்கள்ப்பா? நான் போறதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

பாலிட்டி சார் வாசல்படியில் உட்கார்ந்தார். கொடியில் கிடந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்தார். அது என் துண்டு.

“ஏன், நான் ஒருத்தன் பொதுமக்கள் இல்லையாட்டி?”

கோமதி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நான் போகலப்பா. இங்கனயே இருக்கேன்,” என்றாள்.

தீப்பட்டதுபோல் எழுந்தார் பாலிட்டி சார்.

“அதெப்படி? அடிப்படை உரிமைய யாரும் விட்டுக்கொடுக்க முடியாது! நீயே நெனச்சாலும் முடியாது. பாடம் நடத்தும்போது தூங்கிட்டியோ? அதுக்கு முரணா எவன் உத்தரவு போட்டாலும் செல்லாது. நான் போட்டதும் செல்லாது. எந்திரிட்டி, போய்ப் பெட்டியக் கட்டு.”

செண்பகம் அக்கா முறுக்குச் சட்டியை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். வண்டி கிளம்பும் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாடகை ஒப்பந்தத்திலிருந்து நுகர்வோர் பாதுகாப்பு வரைக்கும் எல்லாச் சட்டத்தையும் மகளுக்கு ஒப்பித்தார். கடைசிப் பெட்டியும் போன பிறகு, ஒரு சட்டமும் கலக்காமல் என்னிடம் முதல்முறையாக ஒன்று கேட்டார்.

“அங்கன ரொம்பக் குளிருமோ சார்?”

“சேச்சே, நம்ம குத்தாலத்துச் சாரல் மாதிரிதான் சார் இருக்கும்,” என்றேன். அந்த ஊர்ப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல எனக்கு மனசு வரும்?