‘ஜீப்பு டாப்பு’ குழு கனம் கூடிய வரலாறு

கூட்டத்துக்கு வந்திருந்தோர்:

ஏலக்காய் வியாபாரியும் கலைப் புரவலருமான திரு. வெள்ளைத்துரை (தலைமை). ‘பசுங்காற்று’ பண்பலையின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் திரு. பாண்டியராஜ் (சிறப்பு அழைப்பு). திரு. திருப்பதி (கிதார்). திரு. மொக்கையன் (டிரம்ஸ்). செல்வி மகாராணி (குரல், பேஸ் கிதார்). ஏலக்காய் மூட்டைகள் நாற்பத்தாறு (பார்வையாளர்கள்).

ரசிகர்கள் யாரும் அழைக்கப்படவில்லை.

இசை என்பது முன்னேறக்கூடிய ஒரு சரக்குதான் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்த ஊர் எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் ‘போடிநாயக்கனூர்’ என்று சொல்லிவிட்டு மரியாதையாக எழுந்து நிற்பார்கள். மேற்படி ஐந்து பேரும் நாற்பத்தாறு மூட்டைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைத்துரையின் குடோனில் கூடியபோதுதான் அந்த நிரூபணம் தொடங்கியது. வருகைப் பதிவை எழுதியவன் திருப்பதி. வாரத்தில் ஆறு நாள் அதே குடோனில் எடை எழுதுகிறவன். மூட்டைகளைச் சேர்த்துக்கொண்டது பழக்க தோஷம்.

‘ஜீப்பு டாப்பு’ அதுவரை மூன்று வருடமாகப் ‘பாப் பங்க்’ வாசித்து வந்தது. அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கிதாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும். நான்காவது தெரிந்தால் மறைத்துக்கொள்ள வேண்டும். சிரித்துக்கொண்டே திட்டி, கேட்பவர் சுதாரிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். குழுவின் புகழ்பெற்ற பாட்டு ‘எறங்கி நட’. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. எழுதியவளும் பாடியவளும் மகாராணி.

பாட்டின் கருத்து சாதாரணமானது. விடியற்காலையில் மலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் பதினெட்டுப் பேர். சோதனைச்சாவடிக்கு ஒரு வளைவு முன்னால் ஜீப்பு நிற்கும். பத்துப் பெண்கள் இறங்கி, தூக்குவாளியும் கையுமாக, காற்று வாங்க வந்தவர்கள் போலச் சாவடியை நடந்து கடப்பார்கள். ஜீப்பு சட்டம் அனுமதித்த எட்டுப் பேரோடு யோக்கியமாகச் சாவடியைத் தாண்டி, அடுத்த வளைவில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். முழுதாக நிற்காது. ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். மகாராணியின் அம்மா அன்னக்கொடி ஒரு மழைநாளில் அப்படி ஏறப்போய் விழுந்து இடுப்பு எலும்பு போனவர். அன்றைக்கு மலைக்குப் போவதை விட்ட மகாராணி, இப்போது இதே குடோனில் தட்டின் முன் உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். பாட்டின் கடைசி வரியில் அந்த ஜீப்பின் வண்டி எண் வரும்.

அது வெள்ளைத்துரையின் ஜீப்பு. அவரிடம் ஆறு ஜீப்பு உண்டு. பாட்டில் ஒன்றுதான் வருகிறது என்பதைக் குழுவின் கண்ணியத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். பாட்டு வேகமாக ஓடியதால் இரண்டு வருடம் அவருக்கு எண் பிடிபடவில்லை. மூன்றாம் வருடம் பிடிபட்டது. அந்த வாரமே அவருக்குக் கலையில் ஆர்வம் பிறந்தது. ஒத்திகைக்குக் குடோனைத் திறந்துவிட்டார். புது டிரம்ஸ் வந்தது. திருப்பதிக்குக் காலால் மிதிக்கும் ஒரு பெட்டி வந்தது. மிதித்தால் கிதாரின் சத்தம் லாரியாக மாறும்.

“பாட்டுல எல்லாம் இருக்குப்பா. வெயிட்டு மட்டும் இல்ல” என்று கூட்டத்தைத் தொடங்கினார் வெள்ளைத்துரை. எடையைப் பற்றி அவர் பேசினால் போடியில் யாரும் மறுப்பதில்லை.

பாண்டியராஜ் மதுரைக்காரர். கட்டைவிரலில் மோதிரம் போட்டிருந்தார். “ரேடியோவுக்குன்னு ஒரு சைஸ் இருக்கு சார். மூணரை நிமிஷம். முப்பதாவது செகண்டுல கோரஸ் வந்திரணும். வார்த்தைதான் இவங்ககிட்ட ஓவரா இருக்கு. ஒரு பாட்டுக்குப் பன்னெண்டு வார்த்தை தாராளம்.”

“பன்னெண்டு வார்த்தையில என்னத்தண்ணே சொல்ல?” என்றாள் மகாராணி.

“சொல்லக் கூடாதும்மா. ஃபீல் பண்ணணும்.”

“மெதுவா அடிச்சா எனக்குத் தூக்கம் வருமே” என்றான் மொக்கையன்.

“கேக்கிறவங்களுக்கு வரும். நீ முழிச்சுக்க.”

பாண்டியராஜ் தன் கைபேசியிலிருந்து புதிய வரிகளை வாசித்துக் காட்டினார். “எழு! எழு! மலையே எழு! நீ யார்? நீ நீ! நெருப்பே எழு!”

“யாருண்ணே எந்திரிக்கணும்?” என்றாள் மகாராணி.

“மலை.”

“அது எந்திரிச்சுத்தானே இருக்கு?”

இப்படிப்பட்ட குறுகிய பார்வைதான் சிறு ஊர்க் கலைஞர்களை முன்னேற விடுவதில்லை. திருப்பதிக்கு அந்த வரிகள் பிடித்திருந்தன. யாருக்கு எதிராக எழ வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லாததால், யாருக்கும் கோபம் வராது. கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோ துகளைப் பிடிக்கப் பொட்டிபுரத்து மலையைக் குடையலாம் என்று திட்டம் போட்ட வட்டாரத்தில், அர்த்தமே இல்லாத பாட்டை உருவாக்குவது அவனுக்கு ஒருவகையில் அறிவியலாகவே பட்டது. அவன் பக்கத்துச் சிலமலைக்காரன். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் விரும்பியது ஒன்றுதான்: ரேடியோவில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்பது பற்றி அவனுக்குத் தனிப்பட்ட கருத்து எதுவும் இருந்ததில்லை.

“எம் பாட்டை மாத்துறதா இருந்தா நான் பாடல” என்றாள் மகாராணி.

குரல் இல்லாமல் போனால் பண்பலைக்காரர் எழுந்து போய்விடுவார். வெள்ளைத்துரைதான் நிலைமையைக் காப்பாற்றினார். இங்கே அவர் ஒரு ஜனநாயகவாதி என்பது வெளிப்பட்டது.

“ஆத்தா, நானும் சொல்லல, நீயும் சொல்லாத. நம்ம பொம்பளையாளுக இருக்காகல்ல? ஏலத்துக்கு முன்னாடி சாம்பிள் காட்டுற மாதிரி ரெண்டு பாட்டையும் அவுகளுக்குப் போட்டுக் காட்டுவோம். அவுக எதைச் சொல்றாகளோ அது ரேடியோவுக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

மகாராணி உடனே சம்மதித்தாள். தட்டு முன்னால் உட்காரும் இருபத்தொரு பேரில் பாதிப் பேர் அந்த வளைவில் இறங்கி நடந்தவர்கள். “சரிண்ணே. அவுக சொன்னாப் பாடுறேன். ஆனா எம் பாட்டைச் சொன்னா, நம்பரோட போகும்.”

“போகட்டும்” என்றார் வெள்ளைத்துரை. கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. திருப்பதிக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தேர்தல். அந்த அறையின் நடைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பெண் முன்னாலும் ஒரு தட்டு நிறையக் காய். பக்கத்தில் ஒரு கிண்ணம். வெடித்தது, கருத்தது, பூச்சி விழுந்தது எல்லாவற்றையும் கையால் எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். நல்ல காயை யாரும் தொடுவதில்லை. தொட்டால் பச்சை மங்கும் என்று மேஸ்திரி திட்டுவார். நல்லது, இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த அறையில் பத்து வருடம் இருந்தவளின் கை, தூக்கத்திலும் கிண்ணத்தில் நல்ல காயைப் போடாது.

வெள்ளைத்துரை நடுவில் இரண்டு கிண்ணங்களை வைத்தார். “நீலக் கிண்ணம் மொதப் பாட்டு. செவப்புக் கிண்ணம் ரெண்டாம் பாட்டு. கேட்டுட்டு ஆளுக்கு ஒரு காயைக் கொண்டாந்து கிண்ணத்துல போடுங்க. வெரசா ஆகட்டும், சோலி கெடக்கு.”

எதற்காகப் போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கிண்ணம் எதற்கு என்று அந்த அறையில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

முதலில் ‘எறங்கி நட’ ஓடியது. கைகள் நின்றன. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி “ஏய், நம்ம கொண்டை ஊசி வளைவுடி” என்றாள். வண்டி எண் வந்தபோது மூன்று பேர் கூடவே சொன்னார்கள். முப்பது வருடமாகக் காய் பொறுக்கும் குருவம்மாள் தொடையில் தட்டித் தாளம் போட்டாள்.

பிறகு ‘மலையே எழு’ ஓடியது. பாண்டியராஜ் மதுரையில் வேறு குரலை வைத்து மாதிரிக்குச் செய்து கொண்டுவந்தது. மூன்றரை நிமிடம்.

“காய் ஒணத்துற ஸ்டோருல மோட்டாரு ஓடுதா?” என்றாள் குருவம்மாள்.

“பாட்டு ஆத்தா, பாட்டு” என்றார் வெள்ளைத்துரை.

“அப்ப எண்ணெய் விடச் சொல்லு.”

பெண்கள் வரிசையாக எழுந்தார்கள். ஆளுக்கொரு காயைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளைத்துரை எண்ணினார். நீலக் கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. சிவப்புக் கிண்ணத்தில் இருபத்தொன்று.

“ஏகமனசா முடிவாயிருச்சு!” என்று கைதட்டினார். பாண்டியராஜும் தட்டினார். திருப்பதிக்குக் கண்ணில் நீர் வந்தது. மக்கள் ரசனை உயர்ந்துவிட்டது என்று அவன் நம்ப விரும்பினான். அதற்குள் அவன் கண், தொழில் பழக்கத்தில், கிண்ணத்துக்குள் போய்விட்டது.

இருபத்தொரு காயில் ஒன்றுகூட நல்ல காய் இல்லை. வெடித்தது, கருத்தது, பூச்சி.

மகாராணியும் பார்த்துவிட்டாள். “அண்ணே, கிண்ணத்துல என்ன கெடக்குன்னு பாருங்க. அவுக வேணாம்னு தள்ளியிருக்காக.”

“ஆமாய்யா, கழிவுல்ல அது” என்றாள் குருவம்மாள். “வேண்டிய பாட்டுக்கு எதுக்குக் காயைப் போடணும்? அதுபாட்டுக்கு இருக்கட்டும்னுதானே விட்டோம்.”

“முடிவு அறிவிச்சாச்சு ஆத்தா. இனி மாத்தினா முறையா இருக்காது.” வெள்ளைத்துரை முறைமைக்குப் பேர்போனவர். “நடுவுல ஒருத்தன்கிட்டக் கேப்போம். திருப்பதி, நீயும் குழுவுல ஒருத்தன், குடோனும் தெரிஞ்சவன். என்னப்பா?”

இருபத்தொரு பெண்களும் திருப்பதியைப் பார்த்தார்கள். கிண்ணத்தில் விழுவது என்ன என்பதை அவன் ஆறு வருடமாக, தினமும் மாலையில், தன் கையால் ‘கழிவு’ என்று தலைப்பிட்டு எழுதி வருகிறான். அதைச் சொன்னால் ‘எறங்கி நட’ வண்டி எண்ணோடு ரேடியோவுக்குப் போகும். எந்தப் பாட்டும் போகாமலே இருக்கவும் கூடும். பாண்டியராஜ் ஏற்கெனவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணிக்கை இருபத்தொண்ணுண்ணே” என்றான் திருப்பதி.

அது உண்மை. அதிலிருந்த ஒரு எழுத்தைக்கூட யாராலும் குறை சொல்ல முடியாது. அவனுக்குள் இருந்த கலைஞன் முதிர்ச்சியடைந்த தருணம் அது என்று பண்பலை பிற்பாடு குறிப்பிட்டது.

அடுத்த ஞாயிறு பகலில் ஒலிப்பதிவு. மதுரையில் இல்லாத வசதி இந்தக் குடோனில் இருக்கிறது என்றார் பாண்டியராஜ். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். மகாராணி வந்திருந்தாள். சொன்ன சொல் தவறாதவள் என்று திருப்பதி மனதுக்குள் பாராட்டினான். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கர்வத்தோடு அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் அசைக்கவில்லை.

முதல் ‘எழு’ ஒழுங்காக வந்தது. இரண்டாவதும் வந்தது. நெருப்பு எழ வேண்டிய இடத்தில், அதே மெதுவான தாளத்தில், மகாராணி வேறொன்றைப் பாடினாள்.

“சாவடி வந்திருச்சு, எறங்கி நட… எங்காத்தா விழுந்த எடம், எறங்கி நட…”

மெதுவாகப் பாடியபோது அந்தப் பாட்டில் சிரிப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. மொக்கையனின் குச்சி ஒரு அடியைத் தவறவிட்டது. வெள்ளைத்துரை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வண்டி எண் வருவதற்கு ஒரே ஒரு வரிதான் பாக்கி.

பாண்டியராஜ் கையைத் தூக்கி, இன்னும் கனமாக என்று சைகை காட்டினார். திருப்பதி பெட்டியை மிதித்தான்.

லாரி வந்தது. நாற்பத்தாறு மூட்டையும் அதிர்ந்தன. மகாராணியின் வாய் அசைவது தெரிந்தது, கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. எண் மட்டும் வெளியே வரவில்லை. கனமான இசை எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது அன்றைக்குத்தான் திருப்பதிக்கு முழுதாகப் புரிந்தது. மிதித்த காலை எடுக்காமல் அவன் பாட்டை முடித்துவைத்தான்.

“சூப்பர்! அந்த ‘எமோஷன்’ இருக்கே!” என்றார் பாண்டியராஜ். “குரலை மட்டும் இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளிருவோம்.”

மகாராணி பேஸ் கிதாரைக் கழற்றி ஒரு மூட்டைமேல் வைத்தாள். “மொக்கையா, வர்றியா?”

மொக்கையன் டிரம்ஸைப் பார்த்தான். “செட்டு அவுகளோடதுல்ல ராணி.”

“நீ திருப்பதிண்ணே. காதுல அத்தாம்பெருசு மாட்டியிருக்கியே. நான் சொன்ன நம்பரு உனக்குக் கேட்டுச்சா இல்லியா?”

ஹெட்போனில் அவள் குரல்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக வந்திருந்தது.

“எந்த நம்பரு?” என்றான் திருப்பதி.

அவள் அவனைத் திட்டவில்லை. வாசலுக்குப் போய், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். “ரேடியோவுல பேரச் சொல்லுவாக. நல்லாக் கேட்டுக்க” என்றாள். போய்விட்டாள்.

“டேக் டூ போயிரலாம். வெளிச் சத்தம் வருது, கதவு” என்றார் பாண்டியராஜ்.

“சாத்திட்டு ஒரு பூட்டுப் போட்டுட்டு வாப்பா” என்றார் வெள்ளைத்துரை.

திருப்பதி எழுந்து போனான். இடுக்கு வழியாக அவள் தெருமுனையைத் தாண்டுவது தெரிந்தது. கதவைச் சாத்தி, சாவியைப் போட்டு, ஒரு சுற்று சுற்றினான். பூட்டிக்கொண்டது. சாவியை எடுக்கவில்லை, இன்னும் ஒரு சுற்று சுற்றினான். அந்த இரண்டாவது சுற்றை அவனிடம் யாரும் கேட்கவில்லை. ‘ஜீப்பு டாப்பு’ குழுவில் இத்தனை வருடத்தில் திருப்பதி சொந்தமாக இயற்றியது அது ஒன்றுதான்.