திங்கள் ராத்திரி உப்பு

"இந்தத் தடவை பெட்டி கட்டறது முழுக்க முழுக்க என் பொறுப்பு. நீ ஒரு துரும்பைக்கூட எடுத்து வைக்க வேண்டாம்."

மருந்துக்கடைக்காரர் இப்படி அறிவித்தபோது அவருடைய மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிகிராம் என்பார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக மாத்திரைகளை எண்ணிக் காகித உறையில் போட்டு, காலை, மதியம், இரவு என்று எழுதிக் கொடுத்தே வாழ்ந்தவர். உலகத்தையே மூன்று வேளையாகப் பிரித்துத்தான் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, "அழுகை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அவர் அதை மறுக்கிறார்.

விஷயம் இதுதான். ஒரு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி ஒரே ஒரு ஆசையை வாய்விட்டுச் சொன்னாள்.

"நாலு நாள் அடுப்பு முகத்துல முழிக்காம இருக்கணுங்க. அவ்வளவுதான்."

அவர் உடனே போய் ஏரிக்கரையில் ஒரு வீட்டை நாலு நாளைக்குப் பிடித்துவிட்டு வந்தார். கட்டில் உண்டு, மெத்தை உண்டு, வராந்தா உண்டு. கூடவே சமையலறையும் உண்டு. பாத்திரம் வீட்டுக்காரர்களுடையது. சாமான் நம்முடையது. சமையலும் நம்முடையது.

"அங்கேயும் அடுப்புதானா?" என்றாள் அவள்.

"அடுப்பு இருந்தா என்ன? ஜன்னல் வேறயில்லையா? ஏரி தெரியும்."

"எனக்குப் பானைக்குள்ளதாங்க தெரியும்."

அவர் வயிறு வெளிச் சாப்பாட்டை ஏற்காது. அது ஊரறிந்த காரணம். அவள் கைச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் அவர் நாக்கு ஏற்காது. அது அவர் வெளியே சொல்லாத காரணம். இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தார். அதன் விளைவுதான் மேலே சொன்ன அறிவிப்பு.

"பாதிக்குப் பாதி," என்று விளக்கினார். "கட்டறது என்னோடது. சமைக்கிறது உன்னோடது. நீ அங்க வந்து வெறுமனே அடுப்பை மூட்டினாப் போதும். அதது அளவா, தயாரா இருக்கும். சமையலா அது? பிரிச்சுக் கொட்டற வேலை."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, ஏழு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். ஏழும் வீணாயின.

"சரிங்க," என்றாள்.

சனிக்கிழமை மதியம் முதல் செவ்வாய்க்கிழமை மதியம் வரை. விரல் விட்டு எண்ணினார். பத்து வேளை. வேளைக்கு ஒரு பெரிய உறை. ஒவ்வொரு உறைக்குள்ளும் அரிசிக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, மிளகாய்த்தூளுக்கு ஒன்று என்று சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒரு சிட்டிகை மிச்சம் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை குறையவும் கூடாது.

"ரெண்டு பேருக்குப் பருப்புக்கு எவ்வளவு உப்பு போடறே?"

"போடறதுதான்."

"போடறதுன்னா எத்தனை கிராம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."

விடுவாரா? கடையிலிருந்து சின்னத் தராசு சமையலறைக்கு வந்தது. அவள் கையில் அள்ளிய உப்பைச் சட்டியில் போடவிடாமல் மறித்துத் தராசில் வாங்கினார். ஏழு கிராம், நானூறு மில்லிகிராம். எழுதிக்கொண்டார். மறுநாள் மாலையும் மறித்தார். ஒன்பது கிராம், நூறு மில்லிகிராம்.

அவருக்கு வியர்த்துவிட்டது.

"அதே பருப்பு. அதே ரெண்டு பேரு. எப்படி ரெண்டு அளவு?"

"நேத்து நீங்க சிரிச்ச முகமா வந்தீங்க. கொஞ்சம் குறைச்சுப் போட்டேன்."

"சிரிப்புக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் எனக்கும் புரியல. என்னைக் கேக்காதீங்க. நீங்களே ஒரு தடவை செஞ்சு பார்த்து, நாக்குக்குச் சரியா வர்ற அளவை எழுதிக்குங்களேன். நான் குறுக்க பேசவே மாட்டேன்."

நியாயமாகத்தான் பட்டது. கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அவள் குறுக்கே பேசவே இல்லை. மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை ஒரே சுருளாகத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் உருளைக்கிழங்கு கரித்துண்டாயிற்று. இரண்டாம் நாள் சோறு கூழாயிற்று. மூன்றாம் நாள் பருப்பு மட்டும் கரையாமல், போட்டது போட்டபடி, பிடிவாதமாக அவரைப் பார்த்தது. ஐந்தாம் நாள் எல்லாம் ஒருமாதிரி வழிக்கு வந்தன. எட்டாம் நாள் அவள் ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "இதை எழுதிக்குங்க," என்றாள்.

அவருக்கு மருந்தியல் தேர்வில் தேறியபோதுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

எதிர்வீட்டுத் தையல்காரர் தெருவில் மடக்கினார்.

"என்னண்ணே, ஒரு வாரமா சமையல்கட்டு ஜன்னல்ல உங்க தலைதான் தெரியுது. அண்ணிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லய்யா. பெட்டி கட்டிட்டிருக்கேன்."

"அடுப்பு மேலயா?"

"உனக்குப் புரியாது. அளவெடுக்கிறேன். நீ துணிக்கு எடுக்கற மாதிரி."

தையல்காரர் கழுத்தில் தொங்கிய நாடாவைத் தொட்டுக் காட்டினார். "நான் அளவெடுத்தா, தைக்கறதும் நான்தாண்ணே," என்றார்.

படிக்காத ஆள், என்ன சொன்னாலும் விளங்காது என்று மில்லிகிராம் நடையைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. பத்து உறைகள். ஒவ்வொன்றின் மேலும் நாள், வேளை. பெட்டிக்குள் தீப்பெட்டி, டின் திறப்பான், பாத்திரம் தேய்க்கும் நார், துணி உலர்த்தக் கயிறு, கயிற்றுக்குக் கிளிப், கிளிப்புக்கு ஒரு பை. அவள் பெட்டியை மட்டும் அவளே கட்டினாள். அதைத் தூக்கியபோது அவர் தோள் ஒரு பக்கமாக இறங்கியது.

"என்ன இது, அம்மிக் கல்லா?"

"என் துணிமணிங்க."

ஏரிக்கரை வீட்டில் சாவியோடு காத்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போனாள். கரண்டிகள் ஐந்து, ஒன்றுக்கொன்று உறவில்லை. கத்தி ஒன்று, வெண்ணெயைக்கூட வெட்டத் தயங்கும். மில்லிகிராம் புன்னகையோடு தன் பெட்டியிலிருந்து கூரான கத்தியை உருவி வைத்தார்.

"ஏதாவது விட்டுப்போயிருக்கா, சொல்லு பார்க்கலாம்," என்று மனைவியிடம் சவால் விட்டார்.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஒண்ணுமே விட்டுப்போகலீங்க. உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது."

அது போதும் அவருக்கு. வராந்தாவில் சாய்வு நாற்காலியை ஏரியைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். காலை நீட்டினார். தண்ணீர் மேல் வெயில் சில்லறையைக் கொட்டினாற்போல் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் பாத்திரம் எடுக்கும் சத்தம். திட்டம் பலித்துவிட்டது. கண்ணை மூடினார்.

காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. சரி, சனி மதியம் உறை. மறுபடியும் ஒரு கிழிசல். மறுபடியும் ஒன்று. கண் தானாகத் திறந்துகொண்டது. பத்தாவது கிழிசலில் எழுந்து உள்ளே ஓடினார்.

மேசை மேல் பத்து உறைகளும் வாய் பிளந்து கிடந்தன. அவள் நிதானமாக, சந்தையில் காய் பொறுக்குகிறவளைப்போல, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

"சமைக்கிறேங்க. உப்பு பத்தாதுன்னு தோணுச்சு."

"அது திங்கள் ராத்திரி உப்பு!"

"உப்பு உப்புதானே? திங்களுக்குத் தனியா விளைஞ்சதா?"

"ஐயோ, ஞாயிறு காலை மிளகாய்த்தூளை எதுக்குத் தொடறே? அது முட்டைக்கு அளந்தது!"

"முட்டைகிட்டச் சொல்லிக்கலாம், விடுங்க. கைக்கு எது வருதோ அதைத்தான் போட முடியும்."

அவள் விரல்கள் செவ்வாய்க்கிழமை மதியத்தை நோக்கி நகர்ந்தன. அவர் குறுக்கே பாய்ந்தார். காலை மாத்திரையை இரவு உறையில் கனவில்கூடப் போடாத மனிதர்.

"கையை எடு! நீ நகரு. நான் பார்த்துக்கறேன்."

"அதெப்படிங்க? ஒப்பந்தம்னா ஒப்பந்தம். கட்டறது நீங்க, சமைக்கிறது நான்."

"ஒப்பந்தமாவது ஒண்ணாவது. கரண்டியைக் கொடு."

"வேண்டாங்க, பாவம். ஓய்வெடுக்க வந்திருக்கீங்க."

"கொடும்மா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்!"

கெஞ்சிக் கேட்டபிறகு மறுப்பது அவள் வழக்கமில்லை. கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நாற்காலி ஏற்கெனவே ஏரியைப் பார்த்துத்தான் இருந்தது.

திங்கள் ராத்திரி உப்பைப் பொறுக்கிப் பழைய இடத்தில் சேர்க்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவள் பெட்டி திறந்தாயிற்று. மேலே நாலு துணி. அடியில் தலையணை உயரக் கதைப் புத்தகங்கள், ஆறு.

அந்த நாலு நாளும் அவர் சமைத்தார். அவள் படித்தாள். சில சமயம் படிக்கவும் இல்லை, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சும்மா இருப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் அவை நாற்காலியின் கைப்பிடிமேல் புதுவிருந்தாளிகள்போல் கூச்சத்துடன் கிடந்தன. இரண்டாம் நாள் பழகிக்கொண்டன.

ஞாயிறு மதியம் அவர் தட்டை நீட்டியதும் அவள் உடனே ஒரு வாய் போட்டாள். போட்டவள் "ஸ்ஸ்" என்று வாயைத் திறந்து கையால் விசிறிக்கொண்டாள்.

"என்னாச்சு? காரமா?"

"இல்லீங்க. சூடு. மறந்தே போச்சு."

அவருக்குச் சட்டென்று உறைத்தது. முப்பத்தோரு வருடம். எல்லாருக்கும் போட்டுவிட்டு, துடைத்துவிட்டு, கடைசியில் உட்காருகிறவள். ஆவி பறக்கும் தட்டுக்குப் பின்னால் அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. இன்னொரு கரண்டி போட்டார். அளவுக்குமேல்தான் போட்டார். எழுதிக்கொள்ளவில்லை.

திங்கள் ராத்திரி பருப்பு பிரமாதமாக அமைந்தது. அவளே சொன்னாள். "உப்பு இம்மி பிசகல. இப்படி என் கைக்கு எந்த ஜென்மத்துலயும் வராது." மில்லிகிராம் தரையில் நடக்கவில்லை. ஏமாந்தோமா என்ற சந்தேகம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. பாராட்டு வந்த வாசல் வழியாக அது வெளியே போய்விட்டது. ஒப்பந்தத்தை மீறியதே அவர்தானே, பெருந்தன்மையாக, கரண்டியைப் பிடுங்கி. இதில் ஏமாற்று எங்கே வந்தது?

செவ்வாய் மதியம் கடைசி உறையும் காலி. பெட்டி இறகுபோல் இருந்தது. சாவிக்கார அம்மாள் வந்து, தங்கியவர்கள் எழுதிவிட்டுப் போவதற்காக வராந்தாவிலேயே வைத்திருந்த நோட்டை எடுத்து நீட்டினாள்.

"கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பாம போயிடாதீங்க ஐயா. அடுத்து வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

'மறக்காமல் எடுத்து வர வேண்டியவை' என்று மேலே கோடு போட்டு எழுதியிருந்தது. அதன் கீழே முன்னால் வந்தவர்களின் அறிவுரைகள். நல்ல கத்தி. கொசுவத்தி. குடை. மறுபடியும், நல்ல கத்தி.

மில்லிகிராம் பேனா மூடியைக் கழற்றினார். இதற்குப் பதில் சொல்ல உலகில் அவரைவிடத் தகுதியானவர் யார்? தராசு என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதுவதற்கு மனத்தில் வாக்கியங்கள் வரிசையில் நின்றன. தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

மனைவி காலையிலேயே எழுதிவிட்டிருந்தாள்.

'ஒரு கணவர் போதும். மற்றதையெல்லாம் அவரே அளந்து எடுத்து வருவார்.'