உங்கள் தங்கையைச் சிரிக்க வைக்க ஒரு வழி சொல்லவும்

அன்புள்ள மைத்துனருக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை சின்ன வயதில் எதைப் பார்த்து, எதைக் கேட்டுச் சிரிப்பாள்? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். போனில் கேட்டால் அவள் காதில் விழுந்துவிடும் என்பதால்தான் இந்த ரகசியக் கடிதம்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி தொலைக்காட்சிக்கு ஒரு நகைச்சுவை வினாடி வினா தயாரிக்கிறார். இதெல்லாம் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் நடக்கும் என்று நினைத்திருந்தேன், நடந்தது எங்கள் கூடத்தில். சோபாவை ஓரம் தள்ளி, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, மணிக்குப் பதில் ஆளுக்கொரு தட்டும் கரண்டியும் கொடுத்தார். முதலில் சரியான பதிலுக்கு மதிப்பெண் என்று வைத்தார். பக்கத்து வீட்டுக் கணக்காளர் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார், மற்ற எல்லோரும் தூங்கிவிட்டோம். பிறகு தப்பான பதிலுக்கு மதிப்பெண் என்று மாற்றினார், கணக்காளர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில்தான் சரியான விதி அகப்பட்டது. சரியோ தப்போ, பதிலை முகம் மாறாமல் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் சிரித்துவிட்டால் அவர் அவுட். மேகம் எதனால் ஆனது என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: "மேல் வீட்ல யாரோ துணி துவைக்கிறாங்க தம்பி, அந்த நுரைதான். பிழியறப்ப மழை. நாம கீழ் வீடு, கேக்க முடியுமா?" சமாதானமாகித் திரும்பி வந்திருந்த கணக்காளர் நாற்காலியிலிருந்தே விழுந்துவிட்டார். உங்கள் தங்கை மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

மைத்துனரே, கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். நான் வாயைத் திறந்தால் அவள் குழாயைத் திறப்பாள். தண்ணீர் வீணாகிறது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆனால் இந்த ஆட்டத்தில் அவளை அசைக்க ஆளில்லை. கணக்காளர் தோற்றார், மாடித் தம்பி தோற்றார், மேடையில் ஜோக் சொல்லியே பிழைக்கும் ஒருவரைக் கூட்டி வந்தார்கள், அவரும் தோற்றார். அவள் பதில்கூடச் சொல்வதில்லை, மூடி வைத்த பாத்திரம் மாதிரி உட்கார்ந்து பார்ப்பாள், எதிராளி தானாகவே சிரித்துவிடுவான். சேனல்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை முன்னோட்டமாக ஒரு நிகழ்ச்சி எடுத்துப் பார்க்கலாம், கடைசிச் சுற்றில் கணவனும் மனைவியும் மோதட்டும் என்றார்கள். ஆனால் அந்த அம்மா சிரிக்காவிட்டால் நிகழ்ச்சிக்கு முடிவே இல்லை, எங்களுக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். "சார், உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று மாடித் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், நம்புவதற்கு வேறு ஆளா இல்லை?

ஒத்திகைக்கு ஒரு மத்தியானம் அழைத்துப் போனார்கள். ஜன்னலே இல்லாத பெரிய கூடம். துணியில் வரைந்த வானம், அதன்மேல் விளக்கொளியில் மேகங்கள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தன. உள்ளே போனதும் மணி என்ன, கிழமை என்ன என்பதெல்லாம் மறந்துவிட்டது. ஒலிக்காரர் ஒரு பெட்டி வைத்திருக்கிறார், அது நிறையச் சிரிப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். இதெல்லாம் யாருடைய சிரிப்பு என்று கேட்டேன். "தெரியாது சார், யாரோ எப்பவோ சிரிச்சது" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இதில் அவளுடையது இருக்குமோ என்று வெகுநேரம் தேடினேன். இருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும், ஒருநாளும் கேட்டதில்லையே. அன்றிலிருந்து மத்தியானத் தூக்கத்தில் ஒரே கனவு. மேகத்துக்கு நடுவே நாற்காலி போட்டு நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், அவள் சிரிக்க வாயைத் திறக்கிறாள், கேட்பதென்னவோ தண்ணீர் கொட்டும் சத்தம். விழித்துப் பார்த்தால் அடுக்களையில் நிஜமாகவே கொட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பரிசும் வேண்டாம், டிவியில் முகமும் வேண்டாம். அவள் ஒரே ஒரு தடவை என்னால் சிரித்துவிட்டால் போதும், அதற்குத்தான் இந்த வயதில் இத்தனை பாடு.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, நடுவில் இருப்பவர்கள் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, நான்தான். ரகசியக் கடிதத்த வழக்கம்போல என்கிட்டயே குடுத்து, ஒட்டிப் போட்டுடுன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார். நீ பதில் எதுவும் எழுதாத. அந்த மேகக் கதை வந்ததும் சிரிப்புத் தாங்க முடியாம எழுந்து போய்க் குழாயத் தொறந்துட்டு வந்துதான் மீதியப் படிச்சேன். கல்யாணமான புதுசுல ஒரு தடவ அவர் அக்கா சிரிச்சுட்டாங்க, அன்னிக்குப் பூரா அதே ஜோக்கத் திருப்பித் திருப்பிச் சொன்னார். அதப் பாத்துப் பயந்துபோய் ஆரம்பிச்சதுதான் இந்தக் குழாய். இவ்வளவு ஏங்குவார்னு தெரியாமப் போச்சு. அந்த மேடையில குழாய் கிடையாது அண்ணா. மாடித் தம்பிக்கு மட்டும் விஷயம் தெரியும் போல, வேணும்னா ஓரமா ஒண்ணு வெச்சுத் தரட்டுமாம்மான்னு கேட்டார். வேண்டாம்னு சொல்லிட்டேன்.